இடாப்பில் யார் பெயர்?

2021 மே 31ஆம் திகதி சோமாலிலாந்தில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. ஆபிரிக்காவின் கொம்புப் பகுதியில், ஏடன் வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் அந்த நிலத்தை அன்றைய நாளில் ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட நாடென்று ஏற்றிருக்கவில்லை. 1991 மே 18இல் சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டோம் என்று அறிவித்து, தனிக் கொடி, தனி நாணயம், தனிப் பொலிஸ் என்று முப்பது வருடமாக நடந்துவந்த நிலம் அது. 82 ஆசனங்களுக்கு மூன்று கட்சிகள் போட்டியிட்டன. ஆளும் குல்மியே கட்சி 30 ஆசனம் எடுத்தது. எதிரணியில் இருந்த வத்தனிக்கு 31, உசிட் கட்சிக்கு 21. எதிரணிகள் இரண்டும் கைகோத்துச் சபாநாயகர் பதவியைப் பிடித்தன. ஆட்சியில் இருந்தவர்கள் அந்த முடிவோடு வாழப் பழகிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட தேர்தல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. இல்லாத நாட்டுக்கு எதற்குப் பாராளுமன்றம்? அதற்கு ஒருவர் போடும் புள்ளடிக்கு என்ன பெறுமதி?

இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனை, டயகம, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்ட மக்களிடம் இந்தக் கேள்வி வரும்போது அது தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. அவர்கள் வாழ்ந்தது உலகம் ஏற்றுக்கொண்ட நாட்டில். அந்த நாட்டுக்குப் பாராளுமன்றம் இருந்தது, பிரதமர் இருந்தார், தூதரகங்கள் இருந்தன. இவர்களின் பெயர் மட்டும் வாக்காளர் இடாப்பில் இல்லை. பிரட்டுக்களத்தில் எத்தனை மணிக்கு வந்து நின்றாலும் செக்ரோலில் பெயர் விழாதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. அதுபோலத்தான் அன்று அவர்கள் நின்றார்கள். ஆகவே ஒரு பாராளுமன்றம் உண்மையானதா இல்லையா என்பதை வெளிநாடுகளின் அங்கீகாரத்தை வைத்து அளக்க முடியாது. இடாப்பில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது, தோற்றவர் இறங்கிப் போகிறாரா என்பவற்றை வைத்துத்தான் அளக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான். மலையகத்தின் எழுபது ஆண்டுக் கால அனுபவமும், அங்கீகாரம் இல்லாத நாடுகளின் தேர்தல் வரலாறும் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன.

அங்கீகாரமும் வாக்குரிமையும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதைச் சோமாலிய நிலத்திலேயே பார்க்கலாம். சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் உட்கார்ந்திருக்கும் அரசாங்கத்துக்கு ஐ.நா.வில் ஆசனம் உண்டு, ஆபிரிக்க ஒன்றியத்தில் இடம் உண்டு. ஆனால் அங்கே ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் பாராளுமன்றத்தைத் தெரிவுசெய்தது கடைசியாக 1969இல். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் 275 உறுப்பினர்களைத் தெரிவுசெய்தவர்கள் 14,025 பிரதிநிதிகள் மட்டுமே. அந்தப் பிரதிநிதிகளையும் 135 குலப் பெரியவர்கள்தான் முன்வைத்தார்கள். கோடிக்கு மேல் சனத்தொகை உள்ள நாடு அது. வடக்கே, உலகம் ஏற்காத சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவிலோ 2003 ஜனாதிபதித் தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் தேர்தல் ஆணைக்குழு அறிவித்த வித்தியாசம் வெறும் 80 வாக்குகள். தோற்ற சிலான்யோ துப்பாக்கி தூக்கவில்லை. 2010இல் மறுபடி நின்று, அதே எதிராளியை வென்று ஆட்சிக்கு வந்தார். உள்நாட்டுப் போரின் ஆயுதங்கள் இன்னும் வீடுகளில் கிடந்த ஒரு சமூகத்தில் 80 வாக்குக்கு அடங்கிப் போவது சாதாரணக் காரியமா?

தைவானின் கதை வேறு வகை. அதைப் பிரிந்துபோன நாடு என்று சொன்னால் தாய்ப்பேயிலேயே மறுப்பார்கள். ஆனாலும் அது நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சீனாவின் ஆசனத்தில் தைவான் அரசாங்கம் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் அதன் சட்டசபையில் பெரும்பாலும் 1948இல் பெருநிலச் சீனாவில் தெரிவானவர்களே பதவி நீடித்துக்கொண்டிருந்தார்கள். தொகுதியும் வாக்காளரும் கடலுக்கு அப்பால். உறுப்பினர் மட்டும் இங்கே. 1971இல் ஐ.நா. ஆசனம் போயிற்று. நாடுகள் ஒவ்வொன்றாக உறவை வெட்டிக்கொண்டன. அதற்குப் பிறகுதான், 1992இல், தைவான் மக்கள் தங்கள் சட்டசபை முழுவதையும் முதன்முறையாகத் தாங்களே தெரிவுசெய்தார்கள். அங்கீகாரம் உச்சத்தில் இருந்தபோது கிடைக்காத வாக்கு, அது கைவிட்டுப் போன பிறகு கிடைத்தது.

இனி நம் கதை. 1947 ஓகஸ்ட், செப்டெம்பரில் இலங்கையின் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது நாடு இன்னும் சுதந்திரம் பெற்றிருக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாக வாக்களித்தார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம் என்று இலங்கை இந்தியன் காங்கிரஸின் உறுப்பினர்கள் மலையகத்திலிருந்து கொழும்புக்குப் போனார்கள். 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைத் தெரிவுசெய்த மக்களை அந்நியராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதவரின் பெயரை இடாப்பிலிருந்து எடுத்தது. தம்மைத் தெரிவுசெய்தவர்களின் பெயர்கள் வெட்டப்படும் சட்டத்தை அந்த உறுப்பினர்கள் சபைக்குள் இருந்தபடியே பார்க்க வேண்டியிருந்தது. 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளரின் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போனது 1977இல், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக. இடையில் முப்பது வருடம் ஓடிவிட்டது.

இந்த அநியாயத்துக்கு உலக அங்கீகாரம் தடையாக இருந்ததா என்று கேட்டால் இல்லை. 1948இல் இலங்கையின் ஐ.நா. விண்ணப்பத்தைச் சோவியத் யூனியன் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. 1955 டிசம்பர் 14இல்தான் நம் நாடு உள்ளே போனது. பிரித்தானியாவும் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட நாடுதான் என்றாலும் முதல் இரண்டு பாராளுமன்றத் தேர்தல்களும் ஐ.நா. ஆசனம் இல்லாமலே நடந்தன. அதற்காக அந்தப் பாராளுமன்றத்தைப் போலி என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஐ.நா. ஆசனம் கிடைத்த பிறகு மலையகத்தாரின் பெயர் இடாப்புக்குத் திரும்பியதா? அதுவும் இல்லை. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்று நம்பப்பட்டது. கோடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் அந்தச் சட்டங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது.

பெயர் வெட்டப்பட்டது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த நாட்டிலும் வாக்கைப் பறிப்பது பெரும்பாலும் காகிதத்தின் வழியாகத்தான். வம்சாவளிப் பிரஜை ஆவதற்கு இலங்கையில் பிறந்தால் போதாது. தகப்பன் இங்கே பிறந்ததை, அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்து அறைகளில் நடந்த எத்தனையோ பிறப்புகளுக்குப் பதிவே கிடையாது. பதிவுப் பிரஜை ஆகலாம் என்று 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. விவாகமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடமும் விவாகமாகாதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இடையில் ஊர்ப்பக்கம் போய் நெடுநாள் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்தவர்கள் சுமார் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தலைமேல் தூக்கி நின்ற மக்களிடம் எழுத்து ஆதாரம் கேட்டு, அந்த ஆதாரத்தைத் தராத நிர்வாகத்தின் குறையை அவர்கள் தலையிலேயே கட்டினார்கள்.

இதே காகித வேலையை அங்கீகாரம் இல்லாத நாடும் செய்யும் என்பதற்கு அப்காசியா சாட்சி. 1989 சனத்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஜோர்ஜியர் 45 வீதத்துக்கும் மேல். அப்காஸ் இனத்தவர் 18 வீதத்துக்கும் குறைவு. 1992, 93 யுத்தத்தில் இரண்டு இலட்சம் ஜோர்ஜியர் அளவில் விரட்டப்பட்டார்கள். அதற்குப் பிறகு 35 ஆசனப் பாராளுமன்றத்துக்கு ஒழுங்காகத் தேர்தல் நடக்கிறது, கட்சிகள் மோதுகின்றன, ஆட்கள் மாறுகிறார்கள். ஆனால் வாக்களிப்பது மிஞ்சிய மக்கள்தான். அப்காசியாவின் காலி மாவட்டத்தில் தங்கிவிட்ட ஜோர்ஜியரின் கடவுச்சீட்டுகளும் 2013, 14இல் செல்லாதவையாக்கப்பட்டு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடாப்பிலிருந்து போனார்கள். 2008இல் ரஷ்யா அந்த நாட்டை ஏற்றுக்கொண்டது. நாளைக்கு இன்னும் பத்து நாடுகள் ஏற்றாலும் அந்த இடாப்பில் உள்ள ஓட்டை அடையாது. ஆகவே அங்கீகாரமற்ற நாடுகள் எல்லாம் பாவம், அவர்களின் தேர்தல்கள் எல்லாம் நல்லவை என்ற இரக்கப் பார்வை என்னிடம் இல்லை. கொழும்பை அளந்த அதே கோலால்தான் அப்காசியத் தலைநகர் சுகுமியையும் அளக்க வேண்டும்.

சோமாலிலாந்தும் இந்தக் கோலுக்குத் தப்பாது. 2021 தேர்தலில் ஹர்கெய்சாவில் அதிக வாக்குகளைப் பெற்று வென்றவர் பர்கத் ஜாமா பதூன். அவர் கபோயே சமூகத்தவர். தோல் வேலை, இரும்பு வேலை, முடிதிருத்தும் வேலை செய்பவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்டு, மற்றக் குலங்கள் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் சமூகம் அது. குலக் கணக்கில் நடக்கும் அரசியலில் எண்ணிக்கைப் பலமே இல்லாத அந்தச் சமூகத்து மனிதருக்கு நகரத்தின் இளம் வாக்காளர் குலம் பார்க்காமல் வாக்களித்தார்கள். சாதி என்ன செய்யும் என்று தெரிந்த நமக்கு இந்தச் செய்தியின் கனம் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே தேர்தலில் 13 பெண்கள் நின்றார்கள், ஒருவரும் வெல்லவில்லை. தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சி வேட்பாளர் சிலர் தடுத்து வைக்கப்பட்டார்கள். குர்த்தி எனப்படும் பெரியவர்களின் மேல்சபை தொண்ணூறுகளில் அமைந்தது, இன்றுவரை மக்கள் வாக்கைச் சந்தித்ததில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கிழக்கே சூல் பகுதியில். அங்குள்ள குலங்களில் பெரும்பகுதி ஹர்கெய்சாவோடு இருக்க விரும்பவில்லை. 2023இல் லாஸ் அனோத் நகரில் மாதக்கணக்காகச் சண்டை நடந்து, சோமாலிலாந்துப் படை பின்வாங்க வேண்டியதாயிற்று. பிரிந்துபோகும் உரிமையைக் கேட்கும் நாடு, தன்னிடமிருந்து விலக நினைப்பவரைப் பீரங்கியால் நிறுத்தப் பார்த்தது. ஹர்கெய்சாவின் நண்பர்கள் இதைப் பேசாமல் கடந்து போகிறார்கள். கடக்க முடியாத இடம் இது.

இந்தத் தேர்தல்கள் வெளியுலகுக்குக் காட்டும் கண்காட்சி, அங்கீகாரம் வாங்குவதற்கான நாடகம் என்று ஒரு தரப்புச் சொல்கிறது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2017 ஜனாதிபதித் தேர்தலில் கருவிழியைப் படம்பிடித்து வாக்காளரைப் பதிவுசெய்த முதல் நாடு என்று சோமாலிலாந்து பெருமைப்படுவதில் வெளியாரின் கண்ணும் கணக்கில் இருக்கிறது. ஆனால் காட்டுவதற்காகத் தொடங்கும் தேர்தல், ஆள்பவர் தோற்கத் தொடங்கும் நாளில் நாடகம் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. நாடகம் போடுகிறவர் தன் தோல்வியை எழுதிக்கொள்வதில்லை. 2005இல் எதிரணிகளுக்குப் பெரும்பான்மை, 2010இல் ஆட்சி மாற்றம், 2021இல் மறுபடி எதிரணிப் பெரும்பான்மை, 2024 நவம்பரில் வத்தனியின் இர்ரோ பதவியில் இருந்த மூசே பிஹியைத் தோற்கடித்து ஜனாதிபதியானார். இந்த வரிசையை நாடகம் என்று தள்ள என்னால் முடியவில்லை.

தேர்தல் காலத்துக்கு நடக்கவில்லையே என்பது இன்னும் வலுவான குற்றச்சாட்டு. 2005இல் தெரிவான கீழ்ச்சபை ஐந்து வருடத்துக்குப் பதில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தது. 2022இல் நடக்க வேண்டிய ஜனாதிபதித் தேர்தல் இரண்டு வருடம் தள்ளிப்போனது. எதிர்த்து வீதிக்கு இறங்கியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். இதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் இதை அங்கீகாரமின்மையின் நோய் என்று எழுதுவதற்கு முன் நம் வாசலையும் பார்க்க வேண்டும். 2013இல் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. 2025 முடியும்வரை அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளை உடைத்து உருவாக்கப்பட்டவற்றில் ஒன்றான அக்கரப்பத்தனைப் பிரதேச சபைக்கு 2018 பெப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான். இடைப்பட்ட இரண்டு வருடமும் தெரிவான ஆள் என்று ஒருவரும் இல்லாமல் ஓடியது. காரணம் பணம் இல்லை என்றார்கள். ஹர்கெய்சாவிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

அங்கீகாரம் இல்லாத பாராளுமன்றத்தால் என்ன செய்துவிட முடியும் என்ற வாதத்தை இலேசாக எடுக்க முடியாது. சோமாலிலாந்துக் கடவுச்சீட்டோடு போக முடிந்த நாடுகள் சொற்பம். உலக வங்கியிடம் அது தன் பெயரில் கடன் கேட்க முடியாது. சட்டம் இயற்றலாம், வரி போடலாம்; வெளியில் கையெழுத்துச் செல்லாது. அங்கீகாரம் மக்களின் வாழ்வில் பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அங்கீகாரம் இருந்தால் அதிகாரம் தானாக வந்துவிடும் என்பதைத்தான் மறுக்கிறேன். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிட இடம் கொடுக்கவில்லை. தோட்டத்து ஆள் வாக்களிக்கலாம், உறுப்பினர் ஆகலாம், தவிசாளரும் ஆகலாம். ஆனால் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு லோட் கல் கொட்டச் சபையின் பணத்தைத் தொட முடியாது. அது கம்பனியின் நிலம். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை இதுதான் நிலை. முழு அங்கீகாரம் பெற்ற அரசின் சட்டப்படியான சபை, தன்னைத் தெரிவுசெய்தவரின் வாசலோடு நின்றுவிட்டது.

இலங்கையில் இருந்துகொண்டு பிரிந்துபோன நாடுகளின் தேர்தலை மதித்து எழுதுவது பிரிவினைக்குத் தோள் கொடுப்பதாகாதா என்று கேட்பவரும் உண்டு. பிரிவினையைத் தடைசெய்து 1983 ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் முதல் இந்த அச்சம் நம் எழுத்தின் மேல் இருக்கிறது. மலையகத்தின் நிலைப்பாடு பதிவில் உள்ளது. தமிழர் விடுதலைக் கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவராக இருந்த தொண்டமான் தனிநாடு கோரிய 1976 மே 14இன் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு போகவில்லை. அந்தத் தீர்மானம் இலங்கையின் எந்தப் பாகத்துத் தமிழருக்கும் குடியுரிமை தருவதாகச் சொன்னது. ஆனால் அது கோடு போட்ட நிலம் வடக்கும் கிழக்கும். கொழுந்து பறிக்கும் மலை அந்தக் கோட்டுக்கு வெளியே. வாக்குரிமை பறிக்கப்பட்டதைக் கண்டு கொதித்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்தின் நேர்மையை மலையகம் மறக்கவில்லை. அதற்காகத் தன் மலையை விட்டுவிட்டு வேறு நாட்டின் பிரஜையாகவும் அதனால் முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2002க்குப் பிறகு விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்த கிளிநொச்சியில் நீதிமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது, வங்கி இருந்தது. அந்த நிர்வாகத்தை ஆளச் சபை ஒன்றைத் தெரிவுசெய்யும் தேர்தல் மட்டும் ஒருநாளும் நடக்கவில்லை. நிலம் இல்லாமற் போன பிறகு, 2010இல் புலம்பெயர்ந்தோர் நாடு கடந்த தமிழீழ அரசாங்கத்துக்கு வாக்களித்தார்கள்; வன்னியில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவருக்கு அப்படி ஒரு வாக்குக் கிடைக்கவே இல்லை. போராட்ட காலத்தில் தேர்தல் எப்படி என்று கேட்கலாம். யுத்தம் ஓய்ந்திருந்த வருடங்களும் இருந்தன. தன் மக்களிடம் தோற்கத் தயாராக இல்லாத ஆட்சியைத் தமிழில் நடந்தது என்பதற்காக வேறு கோலால் அளக்க நான் ஆயத்தமில்லை.

அங்கீகாரம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். சோமாலிலாந்து 2001 முதல் எத்தனையோ தடவை வாக்குச்சாவடிக்குப் போய்விட்டது. அதற்காக எந்த நாடும் கதவைத் திறக்கவில்லை. 2024 ஜனவரி 1இல் எத்தியோப்பியா உடன்படிக்கைக்கு வந்தது கடலுக்கு வழி வேண்டும் என்பதற்காக. சோமாலிலாந்தின் பெர்பரா துறைமுகமும் அதற்கு எதிரே போகும் கப்பல் பாதையும் பேசும் மொழியில் இடாப்பு, தேர்தல் என்ற சொற்களுக்கு இடம் குறைவு. ஆட்களைக் கேட்காமலே அவர்களின் நாட்டை முடிவுசெய்வது அங்கீகரிக்கப்பட்ட அரசாங்கங்களுக்குப் பழக்கமான வேலை. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது கணக்கில் இருந்தவர்கள் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்று விட்டார்கள். இரண்டும் தேர்தலில் வந்த அரசாங்கங்கள், இரண்டும் ஐ.நா. உறுப்பினர். பங்கு போடப்பட்டவர்களில் எவரிடமும் விருப்பம் கேட்டு வாக்கெடுப்பு நடக்கவில்லை. எஞ்சியவரின் பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுபட்டது. சோமாலிலாந்தின் எதிர்காலத்தை இன்று பேசும் தலைநகரங்கள் சூல் மக்களைக் கேட்காமல் ஹர்கெய்சாவுக்கு முத்திரை குத்தினாலும் சரி, ஹர்கெய்சா மக்கள் இருபது வருடத்துக்கு மேலாகப் போட்ட வாக்குகளைத் திரும்பியும் பாராமல் அவர்களை மொகடிஷுவிடம் ஒப்படைத்தாலும் சரி, 1964இல் நம் மக்களுக்குச் செய்ததையே அங்கும் செய்கிறார்கள்.